வெள்ளிக்கிழமை மீன் குழம்பு இருக்கலாம் என்றால், தவக்காலத்தில் எதைத்தான் விலக்குகிறோம்?

திருவாரூரில் ஒரு வங்கிக் கிளையில் பணிபுரியும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடன் வேலை செய்யும் மூன்று கத்தோலிக்கரில் ஒருவர், இயேசு உயிர்த்த பாஸ்கு விழாவுக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கியதும் நாற்பது நாளும் அசைவத்தைத் தொடுவதில்லை, தலையில் பூவும் வைப்பதில்லை. இன்னொருவர் வெள்ளிக்கிழமை மட்டும் கறியை ஒதுக்குகிறார். ஆனால் அதே வெள்ளிக்கிழமை மதியம் மீன் குழம்பும் வறுவலுமாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறார். மூன்றாமவர் தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதனையும், இயேசு சிலுவையில் இறந்ததை நினைவுகூரும் பெரிய வெள்ளியையும் தவிர வேறெந்த நாளையும் கணக்கில் வைப்பதில்லை. "இது எங்கள் புரட்டாசி விரதம் போன்றதா, ஐயப்பனுக்கு மாலை போடுவது போன்றதா? அப்படியானால் மீன் எப்படிச் சரியாகும்? என் மகளின் பிறந்தநாள் மார்ச் 19. ஆண்டுதோறும் அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் பிரியாணி கொண்டுபோவேன். 2027-இல் அது வெள்ளிக்கிழமையாக வருகிறது. என்ன செய்வது?" என்று முடித்திருக்கிறார்.

இந்தக் கேள்வியின் அடியில் இருப்பது இதுவென்று நினைக்கிறேன்: நோன்பில் ஒன்றை விலக்குகிறோம் என்றால், அது தீட்டு என்பதற்காக விலக்குகிறோமா, உயிர்க்கொலை என்பதற்காகவா, வேறு எதற்காகவோவா? அந்தக் காரணம் பிடிபட்டால்தான் மீனுக்கும் விடை கிடைக்கும், பிரியாணிக்கும் விடை கிடைக்கும்.

நான் குருவானவர் அல்லன். திருஅவைச் சட்டத்தில் பட்டம் பெற்றவனும் அல்லன். உபதேசியார் ஒருவரின் மகன். தஞ்சை மாவட்டத்தில் ஒரு பங்கில் 31 ஆண்டுகள் மறைக்கல்வி கற்பித்தவன். சட்டம் என்று கீழே நான் சொல்பவை ஏடுகளில் உள்ளவை. வழக்கம் என்று சொல்பவை நம் பக்கத்தில் நான் கண்டவை. என் கருத்து என்று சொல்வதைக் கருத்தாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். குறிப்பிட்ட ஒருவரின் மனச்சான்றைப் பற்றிய சிக்கல் என்றால் அவர் தம் பங்குத்தந்தையிடம் கேட்பதே முறை.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாததைச் சொல்லிவிடுகிறேன். 1983-இல் வெளியான இலத்தீன் திருஅவைச் சட்டத் தொகுப்பில் 1249 முதல் 1253 வரையுள்ள ஐந்து எண்கள் இதைப் பற்றியவை. ஆண்டின் எல்லா வெள்ளிக்கிழமைகளும் தவக்காலம் முழுவதும் மனமாற்றத்துக்குரிய நாள்கள் என்பது பொதுவிதி. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியோ, அந்தந்த நாட்டு ஆயர் பேரவை (பிஷப்புகளின் மன்றம்) குறிக்கும் வேறு உணவோ விலக்கப்பட வேண்டும். அன்று பெருவிழா (திருஅவை நாள்காட்டியில் மிக உயர்ந்த நிலையிலுள்ள விழா) ஒன்று வந்தால் அந்தக் கடமை இல்லை. சாம்பல் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் இறைச்சி விலக்குவதோடு நோன்பும் இருக்க வேண்டும். 14 வயது நிறைந்தவர் எல்லோரையும் இறைச்சி விலக்கும் கடமை கட்டுப்படுத்தும். நோன்புக் கடமை 18 வயது நிறைந்தவரிலிருந்து அறுபதாம் வயது தொடங்கும் வரை. ஒறுத்தலை வேறு பக்திச் செயல்களாலும் அன்புச் செயல்களாலும் ஈடுசெய்ய அனுமதிக்கும் அதிகாரம் ஆயர் பேரவைகளுக்கு உண்டு. தவக்காலத்துக்கு வெளியேயுள்ள வெள்ளிக்கிழமைகளில் நாட்டுக்கு நாடு வழக்கம் வேறுபடுவது அதனால்தான்.

இந்த விதிகளின் வேர், திருத்தந்தை ஆறாம் பவுல் 1966 பிப்ரவரி 17 அன்று வெளியிட்ட ஆணையில் இருக்கிறது. நோன்பு என்றால் நாளில் ஒரு முழு உணவு, காலையிலும் மாலையிலும் சிறிதளவு என்று அது விளக்குகிறது. நம் முன்னோர் இதற்கு வைத்த பெயர் ஒருசந்தி. கார்த்திகைக்கோ அமாவாசைக்கோ ஒருவேளை மட்டும் உண்பவர்களும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். சொல் ஊர்ப் பொதுவானது, நம்மவர் அதை எடுத்துக்கொண்டார்கள். இறைச்சியை விலக்குவதற்கு வைத்த பெயர் சுத்தபோசனம். இந்தப் பெயரைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது; சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

இந்த அளவுகோலை உங்கள் மூன்று தோழர்களிடம் வைத்துப் பார்த்தால், வெள்ளிக்கிழமை மட்டும் கறியை ஒதுக்குபவர் சட்டம் கேட்பதைச் செய்கிறார். நாற்பது நாளும் ஒதுக்குபவர் சட்டம் கேட்பதற்கு மேல் தம் விருப்பத்தால் செய்கிறார். சாம்பல் புதனிலிருந்து பாஸ்குக்கு முந்தின சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாள்; ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாளாகையால் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது. ஆனாலும் நம் வீடுகளில் பலர் ஞாயிற்றையும் சேர்த்தே விடுகிறார்கள்; அது அவரவர் நேர்ச்சை. பூ வைக்காமல் இருப்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. தவக்காலத்தில் பீடத்தை மலர்களால் அலங்கரிப்பதில்லை, அல்லேலூயா பாடுவதில்லை. கோயிலில் கண்டதைப் பெண்கள் தங்கள் கூந்தலுக்கும் கொண்டுவந்தார்கள் என்றே நான் இதைப் பார்க்கிறேன், அது அழகான வழக்கம். மூன்றாமவர் கணக்கில் வைப்பது சட்டம் கேட்பதைவிடக் குறைவு. ஆனால் அவருக்கு நோய் இருக்கலாம், மருத்துவர் சொன்ன உணவுமுறை இருக்கலாம், பங்குத்தந்தை வேறு ஒறுத்தலாக மாற்றிக் கொடுத்திருக்கலாம் (அந்த அதிகாரம் பங்குத்தந்தைக்கு உண்டு). அதை அவரிடம் விசாரிக்க நமக்கு உரிமையில்லை.

இனி மீன். சட்டத்தின் இலத்தீன் மூலம் விலக்குவது 'கார்னே' என்பதை. அந்தச் சொல்லைத் திருஅவை நெடுங்காலமாக நிலத்தில் வாழும் விலங்குகள், பறவைகள் ஆகியவற்றின் ஊன் என்ற பொருளில்தான் ஆண்டுவருகிறது. 13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இதற்குக் காரணம் சொன்னார்: நிலத்து உயிர்களின் ஊன் மனிதருக்கு மிகுந்த சுவையும் ஊட்டமும் தருவது, அதனால் உடலின் வேட்கையைக் கட்டுப்படுத்த விரும்புவோர் முதலில் விட வேண்டியது அது. அவர் காலத்து உடலியல் அறிவை வைத்துச் சொன்ன காரணம் இது. இன்று அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் பிரிவினை நிலைத்துவிட்டது. எனவே மீன், இறால், நண்டு ஆகியவை விலக்கில் வருவதில்லை. மழைக்காலத்தில் நம் வயல் வரப்புகளில் பொறுக்கும் நத்தையையும் அறநூலார் மீன் வகையிலேயே சேர்க்கிறார்கள். கோழி, வாத்து, காடை, கொக்கு, மடையான் எல்லாம் இறைச்சி. முட்டை, பால், விலங்குக் கொழுப்பால் ஆன தாளிப்பு ஆகியவை விலக்கில்லை என்று 1966 ஆணை வெளிப்படையாகவே சொல்கிறது.

மீனவர்களின் வியாபாரத்தைக் காப்பாற்ற ஒரு திருத்தந்தை இந்த விதியைச் செய்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அதற்குச் சான்று கிடையாது. இங்கிலாந்தில் 1563-இல், கப்பல் தொழிலும் மீன்பிடித் தொழிலும் வளர்வதற்காகப் புதன்கிழமையையும் மீன் உண்ணும் நாளாக்கி நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது உண்மை. அதைச் செய்தது ரோமைவிட்டுப் பிரிந்திருந்த அரசி முதலாம் எலிசபெத்தின் அரசு. இந்த நிகழ்வே திரிந்து அந்தக் கதையாகியிருக்கலாம் என்பது ஊகம் மட்டுமே.

ஐயமுள்ள இடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கறித்துண்டை எடுத்துவிட்டு ஆட்டெலும்பு சூப்பை மட்டும் குடிக்கலாமா என்று மறைக்கல்வி வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு பிள்ளையாவது கேட்கும். 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத் தொகுப்பு இறைச்சியோடு இறைச்சிச் சாற்றையும் பெயர் சொல்லியே விலக்கியது. 1966 ஆணையில் சாறு என்ற அந்தச் சொல் மட்டும் இல்லை. மற்ற சொற்கள் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. விட்டுவிட்டதால் அனுமதி என்று கொள்வாரும் உண்டு, இறைச்சியின் சாறும் இறைச்சியே என்று கொள்வாரும் உண்டு. சட்டத்தின் எழுத்து முதல் தரப்புக்கு இடம் தருகிறது என்றே நான் படிக்கிறேன். ஆனால் சூப் குடிக்க வழி தேடுகிறவர் அந்த நாளை எதற்காக வைத்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டார் என்றும் பிள்ளைகளிடம் சொல்லிவந்திருக்கிறேன்.

எதற்காக என்ற கேள்விக்கு வருவோம். மூன்று காரணங்களில் தீட்டு என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். கத்தோலிக்கப் போதனையில் இறைச்சி அசுத்தமானதன்று. கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டு என்று சொல்லாதே என்று பேதுரு காட்சியில் கேட்டது விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூலின் 10-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சில உணவுகளை விலக்கச் சொல்லும் போலிப் போதகர்களை எச்சரித்து, கடவுள் படைத்ததெல்லாம் நல்லதே என்று திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 4-ஆம் அதிகாரம் கூறுகிறது. தொடக்கத் திருஅவை இதில் எவ்வளவு கண்டிப்பாக இருந்தது என்பதற்கு நான் வகுப்பில் எப்போதும் சொல்லும் சான்று ஒன்று உண்டு. இன்றைய துருக்கியின் தலைநகரான அங்காரா அன்று அங்கீரா. அங்கே 314-இல் கூடிய ஆயர் சங்கம், இறைச்சி உண்ணாத குருக்களும் திருத்தொண்டர்களும் முதலில் அதைச் சுவைத்துக் காட்ட வேண்டும், பிறகு விரும்பினால் விலகியிருக்கலாம் என்று விதித்தது. இறைச்சியோடு வெந்த காய்கறியைக்கூட அருவருத்து ஒதுக்கினால் அவரைப் பணியிலிருந்து நீக்க வேண்டும் என்றும் விதித்தது. உடலும் பருப்பொருளும் தீமையிலிருந்து பிறந்தவை என்று சொன்ன குழுக்கள் அக்காலத்தில் பரவியிருந்தன. அவர்களைப் போல் அருவருப்பினால் விலக்குபவர் படைத்தவரைப் பழிக்கிறார் என்பது சங்கத்தின் நிலை. நல்லதென்று தெரிந்தே, நல்லதென்று நாவால் ஒப்புக்கொண்டே, ஒன்றை விட வேண்டும்.

இப்போது சுத்தபோசனம் என்ற சொல். பழைய செப நூல்களில் திருச்சபைக் கட்டளைகளைச் சொல்லும் இடத்தில் இந்தச் சொல் வரும். என் தலைமுறை அதை மனப்பாடமாகச் சொல்லி வளர்ந்தது. இறைச்சி கலவாத உணவு என்ற பொருளில்தான் முன்னோர் அதை ஆண்டார்கள், அதில் தீய நோக்கம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு தெருவுக்குச் சைவம், ஒரு தெருவுக்கு ஆட்டுக்கறி, ஊருக்கு வெளியே மாட்டுக்கறி என்று உணவை வைத்தே மனிதரை மேலும் கீழுமாக அடுக்கிய மண் இது. இந்த மண்ணில் 'சுத்தம்' என்ற சொல் வெறும் சமையற் குறிப்பாக ஒருபோதும் நின்றதில்லை. நான் கற்பிக்கத் தொடங்கிய மூன்றாம் ஆண்டோ நான்காம் ஆண்டோ, சுத்தபோசன நாளில் சுத்தமான உணவைத்தான் உண்ண வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வகுப்பின் கடைசியில் இருந்த பையன் எழுந்து, "அப்படின்னா ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல ஆக்குற கறி அசுத்தமா சார்?" என்று கேட்டான். அவன் வீட்டில் ஆக்குவது மாட்டுக்கறி. வகுப்பில் எல்லோருக்கும் அது தெரியும், சில பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று நான் தந்த பதில் அவனுக்குப் போதுமானதாக இல்லை. திருத்தூதர் பணிகளும் அங்கீராச் சங்கமும் எனக்குக் கைகொடுத்திருக்க வேண்டிய நேரம் அது. அன்று அவை எனக்குத் தெரியாது, அதன்பிறகுதான் தேடிப் படித்தேன். அன்றிலிருந்து வகுப்பில் 'இறைச்சி விலக்கல்' என்று மட்டுமே சொல்கிறேன். பிள்ளைகள் பழைய நூலில் சுத்தபோசனம் என்று படித்துவிட்டு வந்தால், ஆடும் மாடும் கோழியும் சமமாக நல்லவை, சமமாக இன்று ஒருநாள் நாம் விட்டுக்கொடுப்பவை என்று விளக்கிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன்.

இந்தக் கலப்பு எப்படி வந்தது என்பதற்கு வரலாற்றில் ஒரு தடயம் இருக்கிறது. 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி காவியுடுத்துத் துறவியாக வாழ்ந்தார். புலாலை அறவே விட்டு, சோறும் காய்கறியுமாக உண்டார். 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு மறைசாட்சியான புனித அருளானந்தரும் அவ்வழியிலேயே புலால் உண்ணாத பண்டார சாமியாக நம் நாட்டில் நடந்தார். தவம் செய்பவர் ஊன் உண்ணமாட்டார் என்பது தமிழர் மனத்தில் ஆழப் பதிந்திருந்ததால் அவர்கள் அப்படிச் செய்தார்கள். திருக்குறளில் புலால் மறுத்தல் 26-ஆம் அதிகாரமாகத் துறவறவியலிலேயே வைக்கப்பட்டிருக்கிறது அல்லவா? நம் வீடுகளில் நாற்பது நாளும் மீனையும் சேர்த்து விடும் வழக்கத்துக்கு இந்தத் துறவுக் கருத்தே துணைநின்றிருக்கும் என்று எண்ணுகிறேன். உறுதியாகச் சொல்லத்தக்க முடிவு அன்று இது. நம்மவர் தவத்தை நம் மண்ணின் உருவில் கண்டுகொண்டது எனக்கு மகிழ்ச்சி. அதோடு சாதியின் சுத்தமும் உள்ளே நுழைந்தது எனக்கு வருத்தம்.

உயிர்க்கொலை என்ற இரண்டாவது காரணமும் இங்கே அடிப்படையன்று. வள்ளுவரின் மறுப்பு உயிர்களிடத்து அருளிலிருந்து பிறக்கிறது; அந்த வழியில் நின்றால் மீனுக்கும் உயிர் உண்டு, மீனை விட்டுவைக்க நியாயமில்லை. உங்கள் தோழியின் டப்பாவில் மீனைக் கண்டு நீங்கள் வியந்தது இந்த அளவுகோலை வைத்துத்தான். அந்த அளவுகோல் உயர்ந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை விதி அதைக் கொண்டு நெய்யப்பட்டதன்று.

அப்படியென்றால் மிஞ்சுவது என்ன? இறைச்சி விருந்தின் உணவு. இயேசு சொன்ன உவமையில், காணாமற்போன மகன் திரும்பி வந்தபோது தந்தை கொழுத்த கன்றை அடிக்கச் சொன்னார். நம் பக்கத்திலும் ஒரு காலத்தில் கறி என்றால் ஞாயிறு, தீபாவளி, சம்பந்தி வருகிற நாள். என் சிறுவயதில் எட்டுப் பேர் உள்ள எங்கள் வீட்டில் அரைக்கிலோ கறி எடுத்தால் அது திருநாள். மணமகன் தங்களைவிட்டுப் பிரியும் நாளில் தம் தோழர் நோன்பிருப்பர் என்று இயேசு சொன்னது மத்தேயு நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில் உள்ளது. அவர் சிலுவையில் தம் உடலைக் கையளித்தது வெள்ளிக்கிழமை. எனவே வெள்ளிக்கிழமை விருந்து வேண்டாம் என்பது ஒரு வீட்டில் இழவு விழுந்த நாளில் உலை வைக்காமல் இருப்பதற்குச் சமம். புதனும் வெள்ளியும் நோன்பிருக்கச் சொல்லும் குறிப்பு, முதல் நூற்றாண்டையொட்டித் தோன்றிய 'பன்னிருவர் போதனை' என்னும் சிறு ஏட்டிலேயே இருக்கிறது. இப்படிப் பார்த்தால் விதியின் மற்ற பகுதிகளும் பொருந்தி வருகின்றன: ஞாயிறும் பெருவிழாவும் விருந்து நாள், அன்று விலக்கு இல்லை, மீன் அன்றாட உணவு, அதில் விருந்து இல்லை. மத்தியதரைக் கடலோரம் முழுவதும் மீன் எளிய உணவாகத்தான் இருந்ததா என்பதில் ஐயம் எழலாம். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிக் கரையில் நெத்தியும் காரப்பொடியும் குழம்பு வைக்கும் வீடுகளுக்கு அது இன்றும் உண்மை.

ஐரோப்பாவில் தவக்காலம் குளிர்காலத்தின் கடைசியில், களஞ்சியம் வற்றிய நேரத்தில் வருகிறது. இருப்பதைக் கொஞ்சமாக உண்ணும் கட்டாயமும் நோன்பும் அங்கே கைகோத்துக்கொண்டன என்பர். காவிரிப் படுகையில் நிலைமை நேர்மாறானது. சாம்பல் புதன் பிப்ரவரி 4-க்கும் மார்ச் 10-க்கும் இடையில் வரும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடுவார்கள். அதையொட்டிச் சம்பா அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்திருக்கும், வைக்கோல் போர் எழுந்திருக்கும், அறுத்த தாளடியில் உளுந்தும் பயறும் பச்சைபிடித்து நிற்கும். ஆண்டிலேயே கையில் காசும் பானையில் அரிசியும் இருக்கிற நேரத்தில் நம்மிடம் ஒறுத்தல் கேட்கப்படுகிறது. இல்லாததால் உண்ணாமலிருப்பதற்கு நோன்பு என்று பெயரில்லை. இருக்கும்போது கையை இழுத்துக்கொள்வதே நோன்பு என்பதை எனக்குப் புரியவைத்தது எங்கள் வயல்தான். அதே நேரத்தில் கூலி வேலை முடிந்து வெறுங்கையோடு நிற்கும் குடும்பங்களும் அதே ஊரில் இருக்கின்றன என்பதை இங்கே சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் பாதிதான் சொன்னவனாவேன்.

விட்டது எங்கே போகிறது என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது. பசித்தவனோடு உன் உணவைப் பகிர்ந்துகொள்வதல்லவா நான் விரும்பும் நோன்பு என்று எசாயா 58-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கேட்கிறார். ஐந்தாம் நூற்றாண்டில் திருத்தந்தை பெரிய லியோ தம் தவக்கால மறையுரைகளில், நாம் உண்ணாமல் விட்டது ஏழையின் உணவாக வேண்டும் என்று மீண்டும் மீண்டும் சொன்னார். என் பாட்டி சாம்பல் புதனுக்கு முந்தின நாள் கறிச்சட்டியைத் தேய்த்துப் பரண்மேல் கவிழ்த்துவிடுவார்; அது பாஸ்குக் காலையில்தான் இறங்கும். சட்டி பரணுக்குப் போன அன்றே அடுப்படியில் ஒரு கலயம் வந்துவிடும். உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அதில் விழும், கறிக்குச் செலவழிக்காத காசும் அதில் விழும். பெரிய வெள்ளியன்று பங்கில் ஊற்றும் கஞ்சிக்கு அந்த அரிசி போகும். நிலம் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே பந்தியில் அமர்ந்து துவையலைத் தொட்டுக்கொண்டு அந்தக் கஞ்சியைக் குடிப்பதை ஆண்டில் அந்த ஒரு நாளிலாவது நான் பார்த்திருக்கிறேன். 2025-இலும் 2026-இலும் தவக்காலமும் ரமலானும் ஏறத்தாழ ஒன்றாக வந்தன. நாகூர்ப் பக்கம் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியின் மணமும் நம் சிலுவைப்பாதைப் பாடலும் ஒரே மாலையில் கலந்ததைக் கண்டவர்களுக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

இதிலிருந்து வஞ்சிர வறுவலைப் பற்றிய என் கருத்து உங்களுக்குத் தெளிவாகியிருக்கும். கடற்கரை வீட்டில் வெள்ளிக்கிழமை நெத்திக் குழம்பு வைப்பவர் சட்டத்தையும் காக்கிறார், அதன் பொருளையும் காக்கிறார். கோழிக்கறிக்குப் பதிலாக அதைவிடப் பலமடங்கு விலையுள்ள வஞ்சிரத்தை வாங்கி விருந்தாக உண்பவர் சட்டத்தைக் காக்கிறார். அவர் தவறு செய்தார் என்று எவரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. பண்ணைக் கோழி தெருவுக்குத் தெரு மலிவாகக் கிடைக்கும் இக்காலத்தில் எது விருந்து, எது எளிய உணவு என்பதே தலைகீழாகிவிட்டது. சட்டம் எல்லோருக்கும் பொதுவாகக் கீழ்வரம்பைத்தான் போட முடியும். அதற்கு மேல் தம் சட்டியில் உண்மையில் எது விருந்து என்று அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் தோழியின் டப்பாவில் இருந்தது எந்த வகை என்று நமக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. நான்காம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவில் புனித யோவான் கிறிசோஸ்தம், பறவையையும் மீனையும் விட்டுவிட்டு உடன்பிறந்தாரைக் கடித்து விழுங்கினால் என்ன பயன் என்று மக்களிடம் கேட்டார். வங்கியில் பக்கத்து மேசைக்காரர் என்ன சாப்பிட்டார் என்று கணக்கெடுப்பது, கேட்பவர் கத்தோலிக்கராக இருந்தால், அந்தக் கடிக்கு மிக அருகில் வந்துவிடும். உங்கள் கேள்வி அப்படிப்பட்டதன்று, அக்கறையோடு கேட்டிருக்கிறீர்கள்.

யாரை இந்தக் கடமை கட்டுப்படுத்தாது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நோயாளர், கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார், வெயிலில் கடும் உடலுழைப்புச் செய்பவர் ஆகியோர் நோன்பால் உடல் கெடுமென்றால் விடுபடுகிறார்கள். வேறு உணவு கிடைக்காத ஏழை, கிடைத்ததை உண்பதில் குற்றமில்லை. எனக்கு அறுபது கடந்துவிட்டது, ஒருசந்திக் கடமை முடிந்தது. இறைச்சி விலக்கும் கடமைக்கு மேல்வயது வரம்பு இல்லை, அதை இன்னும் வைத்திருக்கிறேன். புரட்டாசிக்கும் மாலை விரதத்துக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை பற்றி நீங்கள் கேட்டதற்கு, மனத்தை அடக்கும் பயிற்சி என்ற அளவில் மூன்றும் உறவுள்ளவை என்பேன். அந்த விரதங்களின் உட்பொருளை அவற்றைக் கடைப்பிடிப்பவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே நேர்மை.

கடைசியாக உங்கள் மகளின் பிறந்தநாள். மார்ச் 19 புனித யோசேப்பின் பெருவிழா. 2027-இல் அது தவக்கால வெள்ளிக்கிழமையில் வந்தாலும், மேலே சொன்ன சட்டத் தொகுப்பின் 1251-ஆம் எண்ணின்படி அன்று இறைச்சி விலக்கும் கடமை இல்லை. 2022-இல் ஆண்டவரின் பிறப்பு அறிவிப்புப் பெருவிழாவான மார்ச் 25 வெள்ளிக்கிழமையாக வந்தபோதும் இப்படித்தான். எனவே வெள்ளிக்கிழமை மட்டும் கறியை ஒதுக்கும் தோழி உங்கள் பிரியாணியைத் தாராளமாக உண்ணலாம். அவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். முந்தின ஞாயிறு பங்கில் கேட்டுவரச் சொல்லுங்கள். நாற்பது நாளும் நேர்ந்துகொண்டவரின் நிலை வேறு. பெருவிழா சட்டத்தின் கடமையை நீக்குமே தவிர, தாமாக எடுத்துக்கொண்ட நேர்ச்சையை அவர் என்ன செய்வார் என்பது அவருக்கும் கடவுளுக்கும் இடையிலானது. அவரிடம் இரண்டு நாள் முன்னதாகத் தனியே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் "பிள்ளையின் பிறந்தநாள், ஒரு வாய் மட்டும்" என்று வற்புறுத்தாமல், எலுமிச்சைச் சோறோ தயிர்சோறோ ஒரு டப்பா தனியாகக் கட்டிக்கொண்டு போங்கள். அடுத்த வெள்ளி மார்ச் 26 பெரிய வெள்ளி. அன்று வங்கிக்கும் விடுமுறை.